அப்டேட்டுக்குப் பிறகு திக்க ஆரம்பித்த மியூசிக் பிளேயர்: மூன்று வருட அனுபவம்

போன் இருக்கும்போது பாட்டு கேட்கத் தனியாக ஒரு பெட்டி எதற்கு என்று வீட்டில் கேட்காத நாளில்லை. திருமங்கலத்திலிருந்து மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குத் தினமும் போய் வருகிறவன் நான். பாதிப் பாட்டில் ஆபீஸ் அழைப்பு வந்து நுழையும் எரிச்சல் எனக்குத்தான் தெரியும். சீட்டுக்கட்டு அளவில் ஒரு பிளேயர், காதை மூடும் ப்ளூடூத் ஹெட்போன், மெமரி கார்டு நிறையப் பாட்டு. முதல் இரண்டு வருடம் குறை என்று சொல்ல ஒன்றுமில்லை.

போன வருடம் ஆடியில் ஒரு அப்டேட் வந்தது. ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலை பஸ்ஸில் திருநகர் வரை ஒழுங்காகப் பாடியது. பழங்காநத்தம் சிக்னலில் நின்றதும் திக்க ஆரம்பித்தது. தவில் அடிகளில் நாலைந்தை அப்படியே விழுங்கிவிடும். பெரியார் நெருங்கும்போது இணைப்பே அறுந்தது. மறுபடி இணைத்தால் இரண்டு நிமிடம் தாங்கும், அவ்வளவுதான்.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் காட்டினேன். கடைப் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ப்ளூடூத் ஐசி போயிருச்சுண்ணே, கழட்டி மாத்தணும், ரெண்டாயிரம் ஆகும்" என்றான். அப்டேட் போட்ட அதே ராத்திரியில் ஐசி என்கிற அந்தச் சில்லும் சாகுமா? வீட்டு மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் கேட்டுப் பார்த்தேன், ஒரு திக்கல்கூட இல்லை. ஐசி போயிருந்தால் அங்கேயும் திக்கியிருக்க வேண்டுமே.

தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினால் 'ரீசெட் செய்து பாருங்கள்' என்று ஒரு வரி. பழைய மென்பொருளுக்குத் திரும்பலாமா என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் பழைய பேரிங்கை, அதாவது ஒன்றையொன்று அடையாளம் வைத்திருக்கும் ஜோடிப் பதிவை, பிளேயர், ஹெட்போன் இரண்டிலும் அழித்துவிட்டுப் புதிதாக இணைத்தேன். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் மறுபக்கத்தில் பழைய சாவி தங்கிவிடும், பிறகு இரண்டும் முரண்டு பிடிக்கும். இதோடு இணைப்பு அறுவது நின்றது. திக்கல் நிற்கவில்லை.

உண்மையான வில்லன் செட்டிங்ஸில் இருந்தான். ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் எல்டிஏசி முறையில் விநாடிக்கு 330, 660, 990 கிலோபிட் என்று மூன்று நிலைகள் உண்டு. இடத்துக்குத் தக்கபடி தானே மாறிக்கொள்ளும்படி நான் வைத்திருந்ததை, அப்டேட் 990இல் நிறுத்திவைத்திருந்தது. 'ஒலித்தரம் மேம்பட்டது' என்று குறிப்பில் போட்டிருந்தது இதைத்தானோ என்னவோ! நான் அணைத்து வைத்திருந்த வைஃபையும் உயிரோடு இருந்தது. பஸ் போகிற வழியெல்லாம் அது புது வலையமைப்புகளைத் தேடிக்கொண்டே வந்திருக்கிறது. ப்ளூடூத், வைஃபை இரண்டும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெருக்கியடித்துப் போகிறவை. ப்ளூடூத் அங்கே 79 தடங்களுக்குள் விநாடிக்கு 1600 முறை வரை தாவித் தாவி, சும்மா இருக்கிற தடமாகப் பார்த்து அனுப்பும். மொட்டை மாடியில் தடங்கள் காலி. காலை ஒன்பது மணிப் பெரியாரில் ஆளுக்கொரு போன், காதுக்கொரு இயர்பட்ஸ். 990இல் அனுப்பினால் விட்டதைத் திரும்ப அனுப்ப நேரமே மிஞ்சாது.

வைஃபையை அணைத்தேன், 660க்கு இறக்கினேன். பேண்ட் பையிலிருந்து சட்டைப்பைக்கு மாற்றினேன். உடம்பில் இருக்கிற தண்ணீர் இந்த அலையை நன்றாகவே உறிஞ்சும். சொன்னால் நம்புவது கஷ்டம், திக்கலில் பாதி இந்தச் சட்டைப்பையிலேயே போய்விட்டது. 660க்கும் 990க்கும் வித்தியாசம் கேட்கிறதா என்றால், டீசல் பஸ்ஸின் கடைசி சீட்டில் எனக்குக் கேட்கவில்லை.

இந்தச் சித்திரையில், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று, தல்லாகுளத்தில் 330இல் வைத்தும் திக்கியது. அந்தக் கூட்டத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்றது என் தப்பு.

ஒலியில், பேட்டரியில் இன்றும் குறையில்லை. வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம், 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிற மாடலாக வாங்குங்கள் என்கிறேன். என் பையில் எப்போதும் ஒரு ஒயர் இயர்போன் கிடக்கிறது. செட்டிங்ஸ் பக்கங்களையெல்லாம் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறேன். அடுத்த அப்டேட் வந்திருப்பதாக மூன்று வாரமாகத் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி. தீபாவளி லீவு வரட்டும், பார்க்கலாம்.