மேல் பேனலின் நிலை ஐகான்கள்: உபுண்டுவில் என் நீண்டகால அனுபவம்

லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவின் 10.04 பதிப்பு 2010 ஏப்ரலில் வந்தது முதல் என் அன்றாட வேலை முழுக்க அதில்தான். திரையின் நிறத்தில் பழுப்பு போய் ஊதா வந்ததைப் பற்றித்தான் அப்போது எல்லோரும் பேசினார்கள். எனக்கோ மேல் பேனலின், அதாவது திரையின் உச்சியில் உள்ள பட்டையின், வலது மூலைதான் பெரிய மாற்றமாகப் பட்டது. அதுவரை வைஃபை, பேட்டரி, ஸ்பீக்கர் எல்லாம் ஆளுக்கொரு வண்ணமும் நிழலுமாக இருந்தன. 10.04-இல் அவை ஒரே நிறத்துக்கு வந்தன. புதுச் செய்தி வந்தால் மட்டும் செய்திக்கான கடித உறை ஐகான் பச்சையாகும். மற்றவை அடங்கி இருந்ததால் அந்தப் பச்சை உடனே கண்ணில் பட்டது.

நிறத்தை எடுத்துவிட்டால் வடிவம்தான் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். உபுண்டுவின் இன்றைய திரைச்சூழலான க்னோமின் வைஃபை ஐகானை உற்றுப் பாருங்கள். சிக்னல் குறையும்போது வளைவுகள் மறைவதில்லை, மங்குகின்றன. முழு விசிறியின் உருவம் அப்படியே நிற்கிறது. அதனால் ஐகான் சுருங்கியதாகவோ இடம் மாறியதாகவோ தோன்றாது. எத்தனை வளைவு போயிற்று என்பதும் தெரியும். ஸ்பீக்கரின் ஒலி அலைகளும் இப்படித்தான். சில தீம்களில் மங்கிய பகுதியை வரையாமலே விட்டுவிடுகிறார்கள். அங்கே சிக்னல் குறைந்தால் ஒரு புள்ளியும் சின்ன வளைவும் மட்டும் அந்தரத்தில் நிற்கும். அது வைஃபைதானா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது கேள்விக்குறி. ரூட்டரோடு இணைப்பு இருக்கும், இணையம் வராது. முன்பெல்லாம் முழு சிக்னல் காட்டும். பக்கம் மட்டும் திறக்காது. இப்போது ஐகானிலேயே கேள்விக்குறி வந்துவிடுவதால், கோளாறு பெரும்பாலும் என் கணினியில் இல்லை, வெளியே என்று பார்த்தவுடன் புரிகிறது.

பேட்டரி ஐகானில் எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. இந்த ஐகான்களை 16-க்கு 16 பிக்சல் கட்டத்தில்தான் வரைகிறார்கள். ஓரக்கோடு போக உள்ளே நிரப்ப மிஞ்சுவது சொற்ப இடம். அதில் 30 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் ஓரிரு பிக்சல்தான். அமைப்புகளில் சதவீதத்தைக் காட்டச் சொல்லி வைத்துவிடுவதே நல்லது. ஆபத்து நிலைக்குச் சிவப்பு மட்டும் போதாது என்பதையும் அழுத்திச் சொல்வேன். சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே நிறையப் பேர். வடிவமும் மாறினால்தான் எச்சரிக்கை எல்லோருக்கும் போய்ச் சேரும்.

10.04-இன் ஒற்றை நிற ஐகான் தொகுப்பான உபுண்டு மோனோவில் இருண்ட பேனலுக்கு ஒன்று, வெளிர் பேனலுக்கு ஒன்று என இரண்டு தொகுப்புகளை வரைந்து வைத்திருந்தார்கள். க்னோம் 3 கொண்டுவந்த சிம்பாலிக் ஐகான்களில் ஒரே எஸ்விஜி (கோடுகளாகவும் வடிவங்களாகவும் சேமிக்கப்படும் படம்) கோப்பு போதும். பக்கத்து எழுத்தின் நிறம் எதுவோ அதையே ஐகானும் எடுத்துக்கொள்ளும். கோப்புகளை நகலெடுத்து வைக்கும் என் பேக்கப் ஸ்கிரிப்ட்டுக்காக இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் ஓர் ஐகான் வரைந்தபோதுதான் இதன் நுணுக்கம் பிடிபட்டது. நிரப்பிய பரப்புக்குத்தான் நிறம் மாறும், வெறும் கோட்டுக்கு மாறாது. ஒவ்வொரு கோட்டையும் 'ஸ்ட்ரோக் டு பாத்' கொடுத்துப் பரப்பாக்கிய பிறகே சேமிக்க வேண்டும். ஓடுகிறது, முடிந்தது, தோற்றது என்ற மூன்று நிலைக்கும் ஒரே வட்டுப் படத்தை வைத்துக்கொண்டு, கீழ் வலது மூலையின் குறியை மட்டும் மாற்றினேன். தோல்விக்குப் பெருக்கல் குறி. அலுவலகத்தில் யாருக்கும் விளக்க வேண்டி வரவில்லை.

திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அளவை 125 சதவீதம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 16 பிக்சல் ஐகான் 20 ஆகும்போது 2 பிக்சல் கோடு இரண்டரை ஆகிவிடும், ஓரம் கலங்கும். 200-இல் இந்தத் தொல்லை இல்லை. என் மடிக்கணினியில் 100-இலேயே வைத்துவிட்டு எழுத்தளவை மட்டும் கூட்டிக்கொண்டேன்.

தீராத குறை, வெளிச் செயலிகள். 2017-இல் க்னோம் 3.26, அவற்றின் ஐகான்கள் நிற்கும் இடமான பழைய ட்ரேயைத் தூக்கிவிட்டது. அதே ஆண்டு க்னோமுக்குத் திரும்பிய உபுண்டு, நீட்சி (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்) ஒன்றைச் சேர்த்து அந்த ஐகான்களைத் தக்கவைத்துக்கொண்டது. ஆனால் அவை இன்னும் தங்கள் வணிகச் சின்னத்தோடு, தங்கள் வண்ணத்தோடுதான் வருகின்றன. நான் தினமும் திறக்கும் ஓர் அரட்டைச் செயலி, செய்தி வந்தாலும் வராவிட்டாலும் ஒரே பளிச்சென்ற வட்டத்தைக் காட்டுகிறது. படிக்காத செய்தி இருந்தால் அதன்மேல் ஒரு சிவப்புப் புள்ளி. 16 பிக்சலில் அது சின்னத்தோடே கலந்துவிடுகிறது. நிறுவனத்தின் அடையாளத்தைச் செயலிகளின் பட்டியலில் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் காட்டட்டும். பேனலில் எனக்குத் தெரிய வேண்டியது செய்தி இருக்கிறதா இல்லையா என்பதுதான். ஒற்றை நிற ஐகானைத் தேர்ந்தெடுக்கும் வசதி சில செயலிகளின் அமைப்புகளில் இருக்கிறது. நிறுவியவுடன் முதலில் அதைத் தேடிப் பாருங்கள்.