பழைய கனடா ஐஸ் ஹாக்கியில் யார் பெரிய ஆட்டக்காரர்: பிராங்க் மெக்கீயா, சைக்ளோன் டெய்லரா?

இருவரும் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் அரசு வேலை பார்த்துக்கொண்டே ஐஸ் ஹாக்கி ஆடியவர்கள். ஆனால் மெக்கீ சம்பளம் வாங்காமல் ஆடிய அமெச்சூர், டெய்லர் தொழில்முறை ஆட்டக்காரர்.

மெக்கீக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. அந்த நிலையிலும் ஐஸ் ஹாக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பைக்கான 1905 போட்டியில், கனடாவின் வடமேற்குக் கோடியிலுள்ள டாசன் சிட்டி அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 14 கோல் அடித்தார். எதிரணி பல வாரம் பயணித்துக் களைத்து வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1906இல் ஆட்டத்தை விட்டார். முதல் உலகப் போரில், 1916இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் இறந்தார்.

டெய்லர் பணம் கிடைத்த பக்கம் போனார், அதை மறைக்கவும் இல்லை. அமெரிக்காவின் ஹோட்டன் நகரில் சம்பளத்துக்கு ஆடினார். ஒட்டாவாவுக்கு 1909 கோப்பையை வென்று தந்த கையோடு, ரென்ஃப்ரூ என்ற சிற்றூர் நீட்டிய 5,250 டாலருக்கு இசைந்தார். ஆட வேண்டியதோ வெறும் 12 ஆட்டம்! ஊரின் பால்பண்ணைத் தொழிலால் அணிக்கே 'கிரீமரி கிங்ஸ்' என்று பெயர். பிறகு வான்கூவரில் 1915 கோப்பை. அங்கும் குடியேற்ற அதிகாரி வேலையை விடவில்லை. 1914இல் இந்தியர்களை ஏற்றிவந்த கோமகாட்டா மாரு கப்பல் வான்கூவரில் தடுக்கப்பட்டபோது அத்துறையில்தான் இருந்தார்.

கோல் கணக்கு மட்டும் போதுமென்றால் மெக்கீ. ஆட்டக்காரனும் பேரம் பேசலாம் என்று காட்டியவர் டெய்லர், என் ஓட்டு அவருக்கே.