ஃபீயோ கே7: பெட்டியில் போட்ட 2000 மில்லிவாட் யாருக்கு?

ஹெட்போனை ஓட்டும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஃபீயோ கே7-ஐ வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் 2000 மில்லிவாட் என்ற எண்ணில் மயங்கித்தான் வருகிறார்கள். அந்த எண் 32 ஓம் ஹெட்போனுக்கு, அதுவும் 4.4 மி.மீ. பேலன்ஸ்டு ஜாக்கில் (இடது, வலது காதுக்குத் தனித்தனி ஜோடி வயர் போகும் ஜாக்) சொருகினால் கிடைப்பது. என்னிடம் இருப்பதோ சென்ஹைசர் எச்டி 600, 300 ஓம். அதற்குப் பார்க்க வேண்டியது வேறு வரி: 300 ஓமில் 560 மில்லிவாட். நாலில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆனாலும் இது எச்டி 600-க்குத் தாராளம். எப்படி என்று கணக்குப் போட்டே சொல்கிறேன்.

கோயம்புத்தூரில் மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். கடைக்கு வருகிறவர்கள் "ஏனுங்ணா, அஞ்சு எச்.பி. போதுமுங்களா?" என்பார்கள். போர் எத்தனை அடி, எவ்வளவு தண்ணி வேணும் என்று திருப்பிக் கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். ஆயிரம் அடி போரிலிருந்து தூக்க ஸ்டேஜ் அதிகம் உள்ள பம்பு வேண்டும், தண்ணி கொஞ்சமாகத்தான் வரும். கிணற்றில் போடும் அதே அஞ்சு எச்.பி. தண்ணியைக் கொட்டும், உயரம் ஏறாது. ஹெட்போனில் உயரம் என்பது வோல்ட்டேஜ், தண்ணி என்பது கரண்ட். வாட் இரண்டையும் பெருக்கி வரும் எண். அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

எச்டி 600-க்கு 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் என்று சென்ஹைசர் சொல்கிறது. வோல்ட்டேஜ் இரட்டிப்பானால் 6 டெசிபல் கூடும். உச்சத்தில் 110 டெசிபல் வேண்டுமென்றால் சுமார் 4.5 வோல்ட், 15 மில்லிஆம்பியர். பெருக்கினால் 67 மில்லிவாட்தான்! கே7 பேலன்ஸ்டில் கொடுக்கும் 560 மில்லிவாட்டைத் திருப்பிக் கணக்குப் போட்டால் 13 வோல்ட் வருகிறது, அதாவது 119 டெசிபல். சாதா 6.35 மி.மீ. ஜாக்கில் அதில் பாதி வோல்ட்டேஜ் என்று வைத்தாலும் 113. காது தாங்காது. ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலைக்குப் பல நாடுகளில் 85 டெசிபலைத்தான் எல்லையாக வைக்கிறார்கள்.

அப்படியானால் போனில் சொருகும், 1 வோல்ட் தரும் சி-டைப் டாங்கிள் (குட்டி ஹெட்போன் அடாப்டர்) ஏன் போதவில்லை? இப்போதைய சினிமாப் பாட்டுக்குப் போதும். அவற்றைப் பதிவின் கடைசிக் கட்டமான மாஸ்டரிங்கிலேயே நசுக்கி மேலே ஏற்றிவிடுகிறார்கள். சராசரி சத்தம் உச்சத்துக்கு 10 டெசிபல்கூடக் கீழே இருக்காது. நான் ராத்திரி கேட்பது கோயில் திருவிழாக்களில் பதிவு செய்த நாகஸ்வரக் கச்சேரி. தவில் அடி கிளிப் ஆகி (உச்சி வெட்டுப்பட்டு) பிசிறக் கூடாதென்று பதிவையே தாழ்வாக வைத்திருப்பார்கள். ஆலாபனை உச்சத்துக்கு 20, 25 டெசிபல் கீழே கிடக்கும். டாங்கிளில் வால்யூமை முழுக்க வைத்தாலும் ஆலாபனை பக்கத்து அறையில் வாசிப்பதுபோல இருந்தது. கே7-இல் ஹை கெயினில் (சத்தத்தை அதிகம் பெருக்கும் சுவிட்ச் நிலை) போட்டு, குமிழ் பாதியைத் தாண்டுவதற்குள் ஆலாபனை கிட்டே வந்துவிட்டது. தனி ஆவர்த்தனத்தில் தவில் விழும்போதும் ஓசை பிசிறவில்லை. ஹெட்போன் "ஓட்டக் கஷ்டம்" என்பதில் பாதி நாம் கேட்கும் பதிவின் குணம்.

மச்சினன் ஹைஃபைமேன் சுந்தரா ஹெட்போனைக் கொண்டுவந்தான். பிளானர் (தட்டையான சவ்வு அதிரும் வகை) என்றாலே ராட்சச ஆம்ப் வேண்டும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். 37 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 94 டெசிபல். 110-க்கு 40 மில்லிவாட், 1.2 வோல்ட், 33 மில்லிஆம்பியர். அவன் டாங்கிளே ஏறத்தாழ ஒப்பேற்றிவிடும். கே7-இல் போட்டுக் கேட்டுவிட்டு "சத்தம் அதேதானே மாமா" என்றான். அதேதான்.

உண்மையிலேயே முரடு என்றால் அதே கம்பெனியின் பழைய எச்இ6. 50 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல். 110-க்கு 450 மில்லிவாட்: 4.7 வோல்ட், 95 மில்லிஆம்பியர். வோல்ட்டேஜ் எச்டி 600 கேட்பதுதான், கரண்ட் மட்டும் ஆறு மடங்கு. அதனால்தான் அதை ஸ்பீக்கர் ஆம்பில் மாட்டிக் கேட்டார்கள். அந்த 2000 மில்லிவாட் வேலைக்கு வருவது இந்த மாதிரி ஆளுக்கு. 32 ஓமில் அது 8 வோல்ட், 250 மில்லிஆம்பியர். 300 ஓமில் 13 ஏறிய வோல்ட்டேஜ் இங்கே 8-க்கு இறங்கியிருப்பதைக் கவனியுங்கள். தடுப்பது கரண்ட்.

குறை என்றால் பவர் அடாப்டர் தனியாகத் தொங்குகிறது. புளூடூத் கிடையாது, வேண்டுமென்றால் கே7பிடி என்று வேறு மாடல். இயர்போனைச் சொருகும் முன் கெயினை லோவுக்கு மாற்ற மறக்காதீர்கள், குமிழைத் தொட்டாலே அலறும்.

எச்டி 650 வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். அதுவும் 300 ஓம்தான், ஆனால் 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல். 2 வோல்ட் டாங்கிள் ஒன்று வாங்கினால் 109. எச்டி 600 வாங்கும்போது வரும் வயரில் 4.4 முனை இல்லை, பேலன்ஸ்டு வேண்டுமென்றால் தனியாக வாங்க வேண்டும். வாங்காதீர்கள். 6.35-இலேயே நமக்குத் தேவையானதைவிட அதிகம் கிடைக்கிறது. அந்தக் காசில் புது இயர்பேடு வாங்குங்கள். பழைய பேடு அமுங்கிப்போனால் எச்டி 600-இன் ஓசையே மாறிவிடும், எந்த ஆம்ப் வைத்தாலும் அது திரும்பாது.