ராகி மானியம் என்று சொல்லிக் கைரேகை கேட்டால் வைக்காதீர்கள்

பென்னாகரம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ராகி விற்ற பணத்தில் 17,000 ரூபாயை அம்மா மார்ச் மாதம் பறிகொடுத்துவிட்டார். இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அரசு கொள்முதல் நிலையத்தில் 4 குவிண்டால் போட்டிருந்தோம். 2024-25க்கான ஆதரவு விலை கிலோ 42 ரூபாய் 90 காசு. 17,160 ரூபாய் நேராக அம்மாவின் கணக்குக்கு வந்தது. அந்தச் சமயத்தில்தான் ஊர் ஊராக விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் பதிவு நடந்துகொண்டிருந்தது. இனி திட்டப் பலன்களுக்கு அந்த எண் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் பயன்படுத்திக்கொண்டுதான் ஒருவன் பைக்கில் வந்திருக்கிறான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சிட்டா நகல் கட்டு. சிறுதானிய மானியத்துக்குப் பதிவு, கட்டணம் 300 ரூபாய் என்று சொல்லியிருக்கிறான்.

ஆதார் எண்ணையும் வங்கியின் பெயரையும் வாங்கிக்கொண்டு, செல்போனில் மாட்டிய சின்ன ரேகைக் கருவியை நீட்டியிருக்கிறான். அம்மா கட்டை விரலைப் புடவையில் துடைத்துவிட்டு வைத்திருக்கிறார். "ரேகை விழலைம்மா, இன்னொரு தடவை வைங்க." கொல்லை வேலை செய்து தேய்ந்த விரல், ரேஷன் கடையிலேயே நாலு முறை வைத்தால்தான் எடுக்கும். அதனால் சந்தேகமே வரவில்லை. முதல் தடவை 10,000, அடுத்த தடவை 7,000 ரூபாய் கணக்கிலிருந்து போயிருக்கிறது.

ஆதார் எண், வங்கிப் பெயர், ரேகை. இந்த மூன்றும் இருந்தால் போதும், ஓ.டி.பி. இல்லாமல், ரகசிய எண் இல்லாமல் கணக்கிலிருந்து பணம் எடுத்துவிடலாம் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கிராமத்தில் வங்கி முகவர்கள் பணம் கொடுப்பதும் இதே வழியில்தான். குறுஞ்செய்தி வந்திருக்கிறது, ஆனால் அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பதினோரு நாள் கழித்து உரம் வாங்கப் பணம் எடுக்கப் போன இடத்தில் 160 ரூபாய்தான் இருக்கிறது என்றார்கள். அன்று ராத்திரி அவர் சாப்பிடவே இல்லை. அவர் ஏமாந்தார் என்று யாரும் சொல்லாதீர்கள், அரசின் பெயரை நம்பினார், அவ்வளவுதான்.

அடையாள எண் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. சந்தேகம் வந்தால் வட்டார வேளாண் அலுவலகத்திலோ வி.ஏ.ஓ.விடமோ கேட்டுவிடுங்கள். வாசலுக்கு வருபவரிடம் விரலைக் கொடுக்காதீர்கள். முகவரிடம் பணம் எடுத்தாலும் ரசீது வாங்குங்கள். "விழலை" என்று சொன்னால் மறுபடி வைப்பதற்கு முன் கணக்கில் இருப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ஆதார் ஆணையத்தின் செயலியில் ரேகையைப் பூட்டி வைக்கலாம். ஆதாரோடு இணைத்த செல்போன் எண் கையில் இருக்க வேண்டும். பூட்டினால் ரேஷன் கடையிலும் ரேகை எடுக்காது, அப்போது மட்டும் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். அம்மாவுக்கு இப்போது அப்படித்தான் செய்து வைத்திருக்கிறேன்.

பணம் போனது தெரிந்ததும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், வங்கியில் மூன்று வேலை நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நாங்கள் தாமதமாகத்தான் கொடுத்தோம். பணம் இன்னும் வரவில்லை. எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று வீட்டில் அவனிடம் விரல் வைத்திருக்கிறார்கள். நாளை அவர்களையும் வங்கிக்குக் கூட்டிப் போகிறேன்.