ஏழு வருடம், ஒரு நோட்டு: சுயாதீன எழுத்தாளர்களின் நுவார் கதைகளைத் தேடிப் படித்த அனுபவம்

ஏழு வருடங்களாக நான் படிக்கும் புத்தகங்களில் பாதிக்கு மேல் பெரிய பதிப்பகங்கள் எதுவும் தொடாதவை. எழுதியவரே பதிப்பித்தவை, அல்லது இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சிறு பதிப்பகங்கள் கொண்டுவந்தவை. எல்லாமே குற்றப்புனைவு, அதிலும் நல்ல முடிவைத் தராத இருண்ட குற்றக்கதையான நுவார் என்றால் கூடுதல் ஆசை. ஒவ்வொன்றையும் படித்து முடித்ததும் நோட்டில் நாலு வரி குறித்து வைப்பேன்: எப்படிக் கண்ணில் பட்டது, எந்த இடத்தில் பிடித்துக்கொண்டது, எங்கே சறுக்கியது, யாரிடம் கொடுக்கலாம். போன மாதம் அந்த நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். மனதில் தங்கிய புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே வழியாக வந்திருந்தன. பாதியில் கைவிட்டவையும் பெரும்பாலும் வேறொரு ஒரே வழியாக வந்திருந்தன. இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கைவிட்டவை வந்த வழி, வாசகர்கள் மதிப்பிட்டுக் கொடுக்கும் நட்சத்திரங்கள். தொடக்கத்தில் நானும் மின்நூல் கடையின் தேடல் பக்கத்தில் குற்றப்புனைவு என்று தட்டி, மேலே வந்த நாலரை நட்சத்திரப் புத்தகங்களைத்தான் இறக்கினேன். அப்படி வாங்கிய ஒரு நாவலுக்கு நூற்றுக்கணக்கில் புகழுரைகள். நாற்பதாவது பக்கத்தில் ஒரு பாத்திரத்தின் பெயரே மாறிவிட்டது, மூன்றாவது கொலையை எழுதியவரே மறந்துவிட்டார். திரும்பிப் போய்ப் பார்த்தபோதுதான் கவனித்தேன், புகழுரைகளில் பெரும்பகுதி ஒரே வாரத்தில் வந்தவை. இது புதிய நோயும் இல்லை. காசுக்கு மதிப்புரை எழுதிக் கொடுக்கும் ஒரு தொழிலைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் 2012-லேயே விரிவாக எழுதியது. பத்து லட்சம் மின்நூல்களுக்கு மேல் விற்ற ஒரு சுயபதிப்பு எழுத்தாளரே அப்படி வாங்கியதை அதில் ஒப்புக்கொண்டிருந்தார். அதற்காக மதிப்புரைகளை அடியோடு ஒதுக்கிவிட வேண்டாம். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களை மட்டும் படியுங்கள். "கதை நன்றாக இருக்கிறது, ஆனால் யாருமே நல்லவர்களாக இல்லை, முடிவில் நிம்மதியும் இல்லை" என்று ஒருவர் குறைப்பட்டிருந்தால் எனக்கு அதைவிட நல்ல பரிந்துரை கிடையாது. அவர் குறையாகச் சொன்னதைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் குறைதான் நுவாரின் அடையாளம். துப்பறியும் கதையில் ஓர் ஒழுங்கு குலையும், புத்திசாலி ஒருவர் வந்து அதைச் சரிசெய்வார். நுவாரில் சரிசெய்ய யாரும் வரமாட்டார்கள். கடனோ ஆசையோ பயமோ ஒருவரைத் தவறான ஒரு முடிவுக்குத் தள்ளும், அப்புறம் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குவதுதான் கதை. பெயர் பிரெஞ்சிலிருந்து வந்தது. 1945-ல் பாரிஸின் கலிமார் பதிப்பகத்தில் மார்செல் துவாமெல் 'செரி நுவார்' என்ற வரிசையைத் தொடங்கினார், கறுப்பு வரிசை என்று பொருள். ஆனால் இந்த எழுத்து வளர்ந்த இடம் மலிவுத்தாள் பத்திரிகைகளும், பெரிய விமர்சகர்கள் எட்டிப் பார்க்காத காகித அட்டைப் புத்தகங்களும்தான். அமெரிக்க நுவார் எழுத்தாளர் ஜிம் தாம்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1977-ல் அவர் இறந்தபோது அமெரிக்காவில் அவருடைய நூல்கள் அச்சிலேயே இல்லை. 1980-களில் பிளாக் லிசார்ட் என்ற சிறிய பதிப்பகம் மறுபடி வெளியிட்ட பிறகுதான் ஒரு புதிய தலைமுறை அவரைப் படித்தது. நடுவில் இருந்த அந்தச் சில வருடங்கள் எனக்கு மிகவும் உறுத்துகின்றன. இன்று சுயமாகப் பதிப்பிக்கும் எத்தனையோ பேர் அதே நிலையில் இருக்கிறார்கள். எழுதிவிட்டார்கள், ஆனால் வாசகருக்கு அவர்களைத் தெரியாது.

சரி, நல்லவை வந்த வழி எது? சிறுகதை. என் நோட்டில் இரண்டாவது வருடத்திலிருந்து இதுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

குற்றப்புனைவில் சிறுகதைப் பத்திரிகைதான் பயிற்சிக்கூடம். அமெரிக்கக் குற்றக்கதையின் பெரிய பெயர்களான டேஷியல் ஹாம்மெட்டும் ரேமண்ட் சாண்ட்லரும் 1920-ல் தொடங்கிய 'பிளாக் மாஸ்க்' பத்திரிகையில் எழுதித்தான் தேறினார்கள். 1941-லிருந்து வரும் 'எல்லரி க்வீன்ஸ் மிஸ்டரி மேகஸின்' முதல் கதை எழுதுபவர்களுக்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கிறது. இணையத்தில் 'ஷாட்கன் ஹனி' போன்ற இதழ்கள் எழுநூறு சொல்லுக்குள் ஒரு குற்றக் கதையைக் கேட்கும். எழுநூறு சொல்லில் ஒருவரால் ஏமாற்ற முடியாது. வருணனையை நீட்டி நேரம் கடத்த முடியாது, திருப்பத்தை மட்டும் வைத்து ஒப்பேற்றவும் முடியாது. முதல் வரியிலேயே ஒரு மனிதன் நிற்க வேண்டும், கடைசி வரியில் அவன் வேறு ஆளாக ஆகியிருக்க வேண்டும்.

அப்படிப் படித்த ஒரு கதை, சுங்கச்சாவடியில் இரவுப் பணி பார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. ஒரே கார் ஒரே வாரத்தில் மூன்றாவது முறை கடக்கிறது, பின்னிருக்கையில் இருந்த குழந்தை இந்த முறை இல்லை. அவ்வளவுதான் நடக்கிறது. அவள் தொலைபேசியை எடுக்கிறாளா இல்லையா என்பதில் கதை நிற்கிறது. எழுதியவர் பெயரைத் தேடினேன். ஒரு குறுநாவல் மட்டும் இருந்தது, அதே பெண்ணைப் பற்றியது, அவரே பதிப்பித்தது, ஆறே ஆறு மதிப்புரைகள். அட்டையைப் பார்த்தால் யாரும் தொடமாட்டார்கள். அந்தக் குறுநாவல்தான் அந்த வருடம் நான் படித்ததிலேயே சிறந்தது. நட்சத்திர வரிசையில் அது எத்தனையாவது பக்கத்தில் கிடந்திருக்கும் என்று நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. தொகுப்பு நூல்களும் இதே போலத்தான். பத்துப் பதினைந்து பேர் எழுதிய தொகுப்பில் இரண்டு பேர் தேறினாலும் எனக்குப் போதும், அந்த இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம்.

இன்னொரு வழி பெரும்பாலோர் திறந்துகூடப் பார்க்காத பக்கம்: நன்றியுரை. சுயமாகப் பதிப்பிப்பவர்கள் யாருக்கு நன்றி சொல்கிறார்கள் என்று பாருங்கள். கைப்பிரதியை முதலில் படித்துத் திருத்தம் சொன்னவர்கள் பெரும்பாலும் அதே வகையில் எழுதும் சக எழுத்தாளர்கள். எடிட்டர் பெயரும் அங்கேதான் இருக்கும். ஒரு நல்ல எடிட்டர் பெயர் மூன்று வெவ்வேறு புத்தகங்களில் வந்ததைப் பார்த்து, நான்காவதாக அவர் பெயர் வந்த ஒன்றை எதையும் யோசிக்காமல் வாங்கினேன். ஏமாறவில்லை. கடையின் பரிந்துரை அல்காரிதம் எனக்கு இப்படி ஒரு புத்தகத்தைக் காட்டியதே இல்லை.

பெயர் கிடைத்ததும் சாம்பிள், அதாவது இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் தொடக்கப் பக்கங்கள். அமேசானின் மின்நூல் கடையான கிண்டிலில் பொதுவாக முதல் பத்து சதவீதம் வரும். ஸ்மாஷ்வேர்ட்ஸ் என்ற இன்னொரு மின்நூல் கடையில் எவ்வளவு காட்டுவது என்பதை எழுத்தாளரே முடிவு செய்வார் என்பதால் சில சமயம் தாராளமாகக் கிடைக்கும். சாம்பிளில் நான் பிணத்தைத் தேடுவதில்லை. வேலையைத் தேடுவேன். பாத்திரம் பிழைப்புக்கு என்ன செய்கிறது, அந்த வேலையை எழுதியவர் உள்ளிருந்து அறிந்திருக்கிறாரா? ஹாம்மெட் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஓர் ஆளைப் பின்தொடர்வது எவ்வளவு அலுப்பான வேலை என்று அவர் எழுத்தில் தெரியும். இன்றைய சுயாதீன எழுத்தாளர்களின் பெரிய பலமும் இதுதான். பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், அந்த வேலையின் நுணுக்கத்தைக் கதைக்குள் கொண்டு வருகிறார்கள். காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் ஒருவரைப் பற்றிய நாவலில், எரிந்த கிடங்கின் சாம்பலைவிட அதன் கொள்முதல் ரசீதுகளை அவர் படிக்கும் பக்கங்கள்தான் எனக்கு வியர்வையை வரவழைத்தன. இரண்டாவதாகப் பணம். நல்ல நுவாரில் தொகை எப்போதும் துல்லியமாக இருக்கும்: எவ்வளவு கடன், என்றைக்குள், யாரிடம். "பெரும் கடனில் சிக்கியிருந்தான்" என்று மட்டும் எழுதிவிட்டுக் கடந்தால் அவருக்கே அந்தக் கடன் புரியவில்லை என்று மூடிவிடுவேன். எழுத்துப்பிழைகளை இரண்டு மூன்று வரை மன்னிப்பேன், தனி ஆளாக எல்லாம் பார்ப்பவருக்கு அந்தச் சலுகை தர வேண்டும். உரையாடல் தட்டையாக இருந்தால் மன்னிப்பில்லை.

நீளத்தையும் பார்க்கிறேன். நுவார் ஒரே மூச்சில் படிக்கச் சுருக்கமாக இருந்தால்தான் குத்தும். ஆனால் சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் திட்டம் 2015 ஜூலையிலிருந்து படிக்கப்பட்ட பக்கத்துக்கு இவ்வளவு என்று எழுத்தாளருக்குக் கொடுக்கத் தொடங்கியது. பக்கம் கூடினால் வருமானம் கூடும் என்றால் கதை வீங்கத்தானே செய்யும்? எழுதுபவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, அவர்களும் வாழ வேண்டும். இருந்தாலும் ஒன்பது பாகத் தொடர், ஒவ்வொரு பாகமும் தொங்கலில் முடிவது என்று பார்த்தால் நான் விலகிவிடுகிறேன்.

கடந்த இரண்டு மூன்று வருடங்களில் தேடல் கடினமாகியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தைக் கொண்டு எழுதிய புத்தகங்கள் குவிகின்றன. 2023 செப்டம்பரில் அமேசான், ஒருவர் ஒரு நாளில் புதிதாக மூன்று நூல்களுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று வரம்பு வைத்தது. அந்த வரம்பே நிலைமையைச் சொல்லும். அப்படிப்பட்ட ஒன்றில் நானும் மாட்டினேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது, பிழையே இல்லை. நாற்பது பக்கம் தாண்டியும் ஒரு தெருவின் பெயரோ, ஒரு தொகையோ, யாரையாவது எரிச்சலூட்டும் ஒரு பழக்கமோ வரவில்லை. எல்லாப் பாத்திரங்களும் தங்கள் மனதில் இருப்பதை முழு வாக்கியத்தில் விளக்கிக்கொண்டே இருந்தார்கள். மனிதர்கள் மறைப்பதால்தான் குற்றக்கதை என்று ஒன்று இருக்கிறது. அதனால் இப்போது, ஒருவர் சிறுகதை இதழ்களில் முன்பு எழுதியிருக்கிறாரா என்று பார்ப்பது எனக்கு இன்னும் முக்கியமாகிவிட்டது. ஓர் இதழாசிரியர் படித்துத் தேர்ந்தெடுத்த தடம் அங்கே இருக்கும்.

மின்நூலில் இன்னொரு தொல்லை, புத்தகம் நின்ற இடத்தில் நிற்காது. அமேசானில் மட்டும் விற்க ஒப்புக்கொள்ளும் கிண்டில் செலக்ட் (KDP Select) திட்டத்தில் சேர்பவர்கள் 90 நாள் அந்த மின்நூலை வேறெங்கும் தரக்கூடாது. அதனால் நேற்று ஒரு கடையில் பார்த்தது இன்று இருக்காது, பிறகு திரும்ப வரும். எழுத்தாளர் கோப்பை மாற்றிவிடுவதும் உண்டு. ஒரு நாவலின் கசப்பான முடிவை வியந்து ஒரு நண்பருக்குச் சொன்னேன். அவர் படித்தது திருத்திய பதிப்பு, அதில் நாயகன் பிழைத்துவிட்டான். "நீ சொன்னது வேற கதையாச்சே" என்றார். எனக்குச் சொல்லத் தெரியாத ஏமாற்றம். அன்றிலிருந்து படித்த தேதியையும் நோட்டில் குறிக்கிறேன்.

பரிந்துரைப்பது பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் எனக்குப் பெரிய தவறு நேர்ந்தது. மூன்றாவது வருடம், பிடித்த ஒரு நாவலைப் படித்த உற்சாகத்தில் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன். அதில் ஒருவர் சில மாதங்களுக்கு முன்புதான் தம்பியை இழந்தவர். கதையிலும் ஒரு தம்பி சாகிறான், அதுவும் மிக மெதுவாக. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "இப்போ இது வேண்டாம்னு நினைக்கிறேன்" என்று மட்டும் எழுதினார். அந்த வரியை நான் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு புத்தகம், ஓர் ஆள் என்றுதான் சொல்கிறேன். கதைச் சுருக்கம் சொல்வதில்லை, முதல் காட்சியை மட்டும் சொல்வேன். அடுத்து, இந்தப் புத்தகத்தில் என்ன கிடைக்காது என்று சொல்வேன்: யார் செய்தது என்ற புதிர் இல்லை, போலீஸ் வந்து காப்பாற்றாது. கடைசியாக வன்முறை. குழந்தைக்கு, பெண்ணுக்கு, விலங்குக்கு என்ன நடக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். படித்த புத்தகங்களைக் குறித்து வைக்கும் ஸ்டோரிகிராப் செயலியில் வாசகர்களே இந்த எச்சரிக்கைகளைப் பதிந்து வைக்கிறார்கள். நான் மறந்துவிட்டதை அங்கே பார்த்துச் சேர்த்துக்கொள்வேன். திருப்பம் கெட்டுவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நுவாரில் வீழ்ச்சி வரும் என்பது முதலிலேயே தெரிந்ததுதான், எப்படி வருகிறது என்பதற்காகத்தான் படிக்கிறோம்.

பொதுவெளியிலும் எழுதுங்கள். ஆயிரம் மதிப்புரை உள்ள புத்தகத்துக்கு நம் ஆயிரத்தோராவது தேவைப்படாது. ஆறு மட்டும் உள்ள புத்தகத்துக்கு ஏழாவது எழுதுவது வேறு கணக்கு. ஐந்து நட்சத்திரமும் "அருமை" என்ற ஒரு சொல்லும் உதவாது. பிடித்த ஒரு காட்சி, ஒட்டாத ஓர் இடம், எப்படிப்பட்ட வாசகருக்கு இது பொருந்தும் என்று நாலு வாக்கியம் போதும். சுங்கச்சாவடிக் கதை எழுதியவரின் குறுநாவலுக்கு அந்த ஏழாவது மதிப்புரையை நான்தான் எழுதினேன். நடுப்பகுதி இழுக்கிறது என்பதையும் அதில் சொன்னேன்.

இப்போது அவருடைய இரண்டாவது புத்தகம் வந்திருக்கிறது. அதே பெண்ணாம், சுங்கச்சாவடி வேலையை விட்டுவிட்டாளாம். சாம்பிள் இறக்கி வைத்திருக்கிறேன், நோட்டில் புதுப் பக்கம் தொடங்கித் தேதியும் போட்டாயிற்று. தம்பியை இழந்த அந்த நண்பர் நேற்றுத் தானாகவே கேட்டார், "அந்த ராத்திரி வேலைப் பொண்ணு கதையை முதல்லேர்ந்து படிக்கலாமா?" குறுநாவலின் பெயரை அனுப்பினேன், குழந்தை பற்றியும் ஒரு வரி சேர்த்தேன்.