டர்போ ஃபால்கன்ல எல்பிஜி: ரெண்டு வாரம் ஓட்டிப் பாத்துட்டு எழுதறேன்

பெட்ரோல் வண்டிய எல்பிஜி (திரவமாக்கின கேஸ்) மாதிரி கேஸுக்கு மாத்தினா வண்டி செத்துடும்னு சிங்கப்பூர்ல காக்கி புக்கிட் பக்கம் கார் பைத்தியம் யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன், ஏன்னா 2010 வாக்குல எங்க அண்ணன் சிஎன்ஜிக்கு (அமுக்கின இயற்கை வாயு) மாத்தின வண்டி வச்சிருந்தாரு, பூட்ல பாதிக்கு மேல சிலிண்டரே அடைச்சிக்கிட்டு இருக்கும், கேஸ் அடிக்க ஈசூன்லேருந்து மண்டாய்க்கு ஓடணும், பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல ஏறும்போது பின்னாடி லாரி வந்தா எனக்கு வயித்தக் கலக்கும், அவ்ளோ மெதுவா இழுக்கும். ஜூன் லீவுல மெல்பர்ன் போயி மாமா பையன் வண்டிய ஓட்டினப்புறம் அந்த எண்ணம் மாறிப் போச்சு. இங்க எல்பிஜி அடிக்க ஒரு கியோஸ்க் கூட கிடையாது, ஆனா நம்ம ஆளுங்க நிறைய பேரு அங்க குடிபோறாங்க, அவங்களுக்காக எழுதறேன்.

வண்டி ஃபோர்ட் ஃபால்கன் எக்ஸ்ஆர்6 டர்போ, பிஏ மாடல். 4 லிட்டர், நேர் வரிசையில ஆறு சிலிண்டர், கம்பெனிலேருந்து வரும்போதே 240 கிலோவாட். மொதல்ல மாத்திக் குடுத்த ஒர்க்‌ஷாப் பேர் வேணாம். டர்போ இல்லாத வண்டிக்குப் போடற கிட்டையே தூக்கி இதுல மாட்டிட்டாங்க. சும்மா ஓட்டும்போது ஒண்ணும் தெரியல, ஃபுல் பூஸ்ட்ல, அதாவது டர்போ காத்த முழுசா அமுக்கி உள்ள தள்ளும்போது, மிதிச்சா இன்ஜின் தட்ட ஆரம்பிச்சிடுச்சாம் (உள்ள தானா வெடிச்சு டக்டக்னு சத்தம்). இன்ஜெக்டர் சின்னது, தேவையான கேஸ் உள்ள போகல. இன்னொண்ணு, திரவமா வர்ற கேஸ ஆவியாக்கற ரெட்யூசர் ரேடியேட்டர் தண்ணியோட சூட்டுலதான் வேல செய்யுது, அதுக்குத் தாங்காத அளவு கேஸ் இழுத்தா அப்படியே உறைஞ்சு வெளிய பனி பூத்துடும். இவன் வண்டில அதுவும் நடந்திருக்கு. இன்னும் ஒரு மாசம் அப்படியே ஓட்டியிருந்தா பிஸ்டன் போயிருக்கும், அத நெனச்சா இப்பவும் கோவம் வருது.

ரெண்டாவதா போன எடத்துல ஒரு வயசான மெக்கானிக், தனியாளாதான் வேல பாக்குறாரு. ரெட்யூசர் ரெண்டு, பெரிய இன்ஜெக்டர் போட்டாரு, பிளக் இடைவெளிய குறைச்சாரு (கேஸ பத்த வைக்க ஸ்பார்க் இன்னும் பலமா வேணும்), அப்புறம் ஒரு நாள் முழுக்க டைனோல (வண்டிய உருளை மேல ஓட்டி பவர் அளக்கற மெஷின்) ஏத்தி கேஸுக்குன்னே தனி மேப் போட்டாரு, அதாவது எப்போ எவ்ளோ கேஸ், எப்போ ஸ்பார்க்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற கணக்கு. இந்த ஒரு நாளுக்குத்தான் காசு. எல்பிஜியோட ஆக்டேன் (இன்ஜின் தட்டாம தாங்கற அளவு) 100-க்கு மேல, நம்ம ஊரு 98 பெட்ரோல விட ஜாஸ்தி, அதனால டர்போவுக்கு ரொம்ப ஒத்துப்போகும், ஸ்பார்க் டைமிங்க கொஞ்சம் முன்னாடி தள்ளலாம். ஆவியா உள்ள போற கேஸ் காத்தோட எடத்த கொஞ்சம் பிடிச்சிக்கும், அதுல போற பவர இதுல பிடிச்சிட்டாரு. திரவமாவே இன்ஜெக்ட் பண்ணா அந்தக் கஷ்டமும் இல்ல. ஃபோர்டே 2011-ல அப்படி ஒண்ணு விட்டாங்க, ஈகோஎல்பிஐன்னு பேரு, டர்போ இல்லாத ஃபால்கன் பெட்ரோல்ல 195 கிலோவாட்னா அது 198.

ஓட்டும்போது எப்படி? பெட்ரோல்லதான் ஸ்டார்ட் ஆகும், இன்ஜின் கொஞ்சம் சூடானதும் தானா கேஸுக்கு மாறும், டேஷ்போர்டுல இருக்கற சின்ன லைட்ட பாத்தாதான் தெரியும். ஜீலாங் போற ஹைவேல ஓவர்டேக் பண்ணேன், கேஸ்ல ஒரு தடவ, சுவிட்ச தட்டி பெட்ரோல்ல ஒரு தடவ. சத்தியமா எனக்கு வித்தியாசம் தெரியல.

செலவு பாத்தா, பெட்ரோல்ல 100 கிலோமீட்டருக்கு 13 லிட்டர் குடிச்ச வண்டி கேஸ்ல 17 குடிக்குது, ஒரு லிட்டர் எல்பிஜில சக்தி கம்மி, அத மாத்த முடியாது. ஆனா நான் அடிச்ச அன்னிக்கு கேஸ் பெட்ரோல் விலையில பாதிதான். டேங்க் டோனட் மாதிரி, ஸ்பேர் டயர் குழியில உக்காந்துக்குது, அண்ணன் வண்டி மாதிரி பூட் போகல, ஆனா ஸ்பேர் டயர் போச்சு, பங்ச்சர் கிட் வச்சுக்கணும். 80 சதவீதத்துக்கு மேல ஏறாது, வெயில்ல கேஸ் விரியறதுக்கு எடம் வேணும்ல, அதுக்காக வால்வே அடச்சிடும்.

அங்கயும் கேஸ் பம்ப் வர வர குறையுது, அதனால வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவுல ஒண்ணாவது இருக்கான்னு பாத்துட்டு எறங்குங்க. கிட் என்ன பிராண்டுன்னு கேக்கறதுக்கு முன்னாடி, டைனோல எவ்ளோ நேரம் வச்சு மேப் பண்ணுவீங்கன்னு கேளுங்க. "அதெல்லாம் தேவையில்ல, அரை நாள்ல முடிச்சிடலாம்"னு சொன்னா வண்டிய எடுத்துக்கிட்டு வந்துடுங்க.