நூற்புத் தொழில்நுட்பப் பாடம்: சுமை சரி, மதிப்பெண் சரியில்லை

கோவை வட்டாரத்தில் உள்ள ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கிறேன். மூன்றாம் பருவத்தில் எங்களுக்கு இருந்த நூற்புத் தொழில்நுட்பம் என்னும் நான்கு கிரெடிட் பாடத்தில் எவ்வளவு வேலை இருக்கிறது, மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்று பல்லடம், சோமனூர், உடுமலைப் பக்கமிருந்து இத்துறையில் சேரவிருக்கும் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கால அட்டவணையில் வாரத்துக்கு மூன்று மணி நேர வகுப்பும் இரண்டு மணி நேர ஆய்வகமும்தான் இருக்கும். ஆனால் பத்துச் சோதனைகளுக்கான ரெக்கார்டு நோட்டு, மூன்று அசைன்மென்ட்டுகள், ஒரு மில்லைப் பார்த்துவிட்டு எழுதும் அறிக்கை, இரண்டு உள்மதிப்பீட்டுத் தேர்வுகள் ஆகியவற்றையும் சேர்த்தால், வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் இந்த ஒரு பாடத்துக்கே போய்விடும். விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் சமாளித்துவிடுவார்கள். நாள்தோறும் பேருந்தில் வந்து போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்காது.

இந்தச் சுமை எனக்குக் குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் பாடம் அவ்வளவு நன்றாக நடத்தப்பட்டது. டிராஃப்ட், அதாவது பஞ்சு இழையை எத்தனை மடங்கு இழுத்து மெலிதாக்குகிறோம் என்பது, முன் உருளையின் மேற்பரப்பு வேகத்துக்கும் பின் உருளையின் மேற்பரப்பு வேகத்துக்கும் உள்ள விகிதம் என்பதைப் பலகையில் எழுதிவிட்டுப் போகாமல், ரிங் ஃபிரேம் என்னும் பழைய நூற்பு இயந்திரம் ஒன்றின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஒவ்வொரு பல்சக்கரத்தின் பற்களையும் எங்களையே எண்ணவைத்துக் கணக்குப் போடச் செய்தார் ஆசிரியர். ஓர் அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு என்பதை, முறுக்குப் பெருக்கியை, நூல் எவ்வளவு மெல்லியது என்பதைக் காட்டும் எண்ணான கவுண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது சூத்திரம். திருப்பூருக்குப் போகும் பனியன் நூலுக்கு அந்தப் பெருக்கியை ஏன் குறைத்து வைக்கிறார்கள் என்பதை, தறிக்குப் போகும் நூலையும் பனியன் நூலையும் இரண்டு கைகளிலும் கொடுத்து விரலால் உருட்டிப் பார்க்கச் சொல்லி விளக்கினார். முறுக்கு குறைந்த நூல் மெத்தென்று இருந்தது. அதன் பிறகு அந்தச் சூத்திரத்தை நான் மனப்பாடம் செய்யத் தேவைப்படவில்லை.

என் மனக்குறை மதிப்பெண் முறையைப் பற்றியது. பருவத் தேர்வுக்கு 60, உள்மதிப்பீட்டுக்கு 40. அந்த 40இல் இரண்டு தேர்வுகளுக்கு 20, அசைன்மென்ட்டுகளுக்கும் அறிக்கைக்கும் 10, ரெக்கார்டுக்கு 10. பருவம் முழுவதும் நேரத்தை விழுங்கிய வேலைக்கு நூற்றில் பத்து. அதையாவது செய்த வேலையைப் பார்த்துப் போட்டார்களா என்றால், இல்லை.

நூலின் கவுண்டைக் கண்டுபிடிக்கும் சோதனையை எடுத்துக்கொள்வோம். 840 கெஜம் ஒரு ஹேங்க். ஒரு பவுண்டு எடையில் எத்தனை ஹேங்க் நூல் இருக்கிறதோ அதுவே கவுண்ட். 40ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கெஜம் நூல் இருக்கும். ஆய்வகத்தில் ஒன்றரைக் கெஜம் சுற்றளவுள்ள ராட்டில் 80 சுற்றுச் சுற்றினால் 120 கெஜம், அதாவது ஒரு லீ. அதன் எடையைக் கிராமில் எடுத்து, 64.8ஐ அந்த எடையால் வகுத்தால் கவுண்ட் கிடைக்கும். 40ஆம் நம்பர் நூலின் லீ 1.62 கிராம் இருக்க வேண்டும்.

எங்கள் குழுவுக்கு அந்தச் சோதனை வந்தது ஐப்பசி மழை விடாமல் பெய்த வாரத்தில். நூலை 65 சதவீத ஈரப்பதத்திலும் 27 டிகிரி வெப்பத்திலும் வைத்திருந்து பிறகே எடை பார்க்க வேண்டும் என்பது நமது நாட்டுத் தரவிதி. அன்றைக்கு ஆய்வகத்தின் ஈரப்பதக் கருவி பழுதாகியிருந்தது, சன்னல்களும் திறந்திருந்தன. சுவரில் மாட்டியிருந்த ஈர, உலர் குமிழ் வெப்பமானியைப் படித்துக் கணக்கிட்டபோது ஈரப்பதம் 88 சதவீதம் என்று வந்தது. ஐந்து லீக்களின் சராசரி எடை 1.67 கிராம், கவுண்ட் 38.8. பருத்தி ஈரத்தை இழுத்துக்கொண்டு எடை கூடியிருந்தது. வலிமைச் சோதனையிலும் அளவு வழக்கத்தைவிட உயர்ந்தே வந்தது. ஈரம் ஏறினால் பருத்தி நூலின் வலிமையும் கூடும் என்று அதே ஆசிரியர்தான் அதற்கு முந்தைய மாதம் சொல்லிக்கொடுத்திருந்தார்.

நான் கண்டதைக் கண்டபடியே எழுதி, ஈரப்பத அளவையும் காரணத்தையும் அடியில் குறித்துவைத்தேன். ரெக்கார்டு திரும்பி வந்தபோது பத்துக்கு ஐந்து. 38.8 சிவப்பு மையால் சுழிக்கப்பட்டு, பக்கத்தில் ‘கவுண்ட் தவறு’ என்று எழுதப்பட்டிருந்தது. அதே கோனிலிருந்து சுற்றிய நூலுக்கு 1.62 என்று எழுதிவைத்த வேறு குழுவினர் ஒன்பது வாங்கினார்கள். நான் அம்மாவிடம் சொன்னேன். பதினாறு வருடம் மில்லில் சைடராக, அதாவது ரிங் ஃபிரேமைக் கவனித்து அறுந்த நூலை ஒட்டுபவராக, வேலை பார்த்தவர் அவர். “மழைக்கு நூலு கனம் புடிக்கத்தான் கண்ணு செய்யும், இதுல என்ன தப்பு?” என்று கேட்டார்.

பத்துச் சோதனைகளின் சராசரியில் எனக்குக் குறைந்தது அரை மதிப்பெண்ணுக்கும் கீழேதான். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் அடுத்த சோதனையிலிருந்து வகுப்பில் பலர் தராசைப் பார்ப்பதற்கு முன்பே, வர வேண்டிய விடையைக் கேட்டு வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். நாளைக்கு ஒரு மில்லின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் உட்காரப் போகிறவர்கள் இவர்கள். அங்கே 40 என்று சீட்டு ஒட்டி 38.8 போனால், பனியன் துணியின் எடை கூடி, வாங்கியவர் சரக்கைத் திருப்பி அனுப்புவார்.

பருவத் தேர்வுத் தாளுக்கு நகல் கேட்கலாம், மறுமதிப்பீடு கோரலாம். உள்மதிப்பீட்டுக்கு எங்கள் கல்லூரியில் அப்படி எந்த வழியும் இல்லை. இதற்கு மேல், எங்கள் கல்லூரியில் ரிலேட்டிவ் கிரேடிங் முறை இருக்கிறது. வகுப்பில் மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்தே கிரேடு அமையும். 80 மதிப்பெண் வாங்கிய எனக்கு ‘ஏ’ கிடைத்தது. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், ஆனால் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் இந்த முறையால் குறைந்துவிட்டது என்பது உண்மை.

பாடத்துக்கும் நடத்திய விதத்துக்கும் ஐந்துக்கு ஐந்து தருவேன், மதிப்பெண் முறைக்கு இரண்டு. சேரப் போகிறவர்கள் ரெக்கார்டை அன்றன்றே எழுதிவிடுங்கள். மழை நாளில் சோதனை வந்தால், எடை போடுவதற்கு முன்பே ஈரப்பத அளவை ஆசிரியரிடம் காட்டி, அந்தப் பக்கத்தின் மேலேயே அவருடைய கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மழை வாரத்தில் நான் அப்படித்தான் செய்தேன், எட்டு கிடைத்தது.